காப்புக் கூண்டும் கண் காணாப் பற்றவைப்பும்

மோட்டார்ப் பந்தயங்களைக் கண்டு களிப்போர் நம்முள் பலர். அவ்வண்டிகளின் உள்ளே அமைந்த எஃகுக் கூண்டை நோக்குவோர் மிகச் சிலரே. தொழிலாளர் 'ரோல் கேஜ்' என்று வழங்கும் அக்கூண்டு, வண்டி புரளுங்காற் கூரை நசுங்கி உள்ளிருப்போரை நெரித்துவிடாவண்ணம் தாங்குவதாகும். உயிர் தங்கும் உடம்பைக் கூடு என்று வழங்குதல் தமிழ் மரபு. அக்கூட்டைக் காத்தற்கு எழுந்த மற்றொரு கூடு இஃது எனின் பொருந்தும். இதனை அமைக்கும் வேலையிற் கண்ணுக்குப் புலனாகாத ஒரு பகுதி உண்டு. அப்பகுதியிற் குறை வைத்த கூண்டு, கூண்டே இல்லாமையினும் தீயது என்பதே ஈண்டு யாம் நிறுவக் கருதியது.

முதற்கண் இதன் பயனை நோக்குவாம். ஃபார்முலா ஒன்று பந்தய வண்டிகளில் ஓட்டுநர் தலைக்குப் பின்னே உருள்காப்பு வளைவு 1961-ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. மலைச்சாலைகளில் ஓடும் ராலி வண்டிகளுக்கோ ஒரு வளைவு போதாது. முழுக் கூண்டே வேண்டும். 2020-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நடந்த மான்டி கார்லோ ராலியில், எஸ்தோனியா நாட்டினராகிய ஓட் டானக் ஓட்டிய ஹூண்டாய் வண்டி, மணிக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் விரைவிற் சாலையினின்று விலகிச் சரிவிலே பாய்ந்து பன்முறை புரண்டது. அவரும் துணையோட்டியாகிய மார்ட்டின் யார்வேயோயாவும் பெருங்காயமின்றி வெளிவந்தனர். இருக்கையும் பட்டையும் தலைக்கவசமும் தத்தம் பணியைச் செய்தன. அவையெல்லாம் பணி செய்தற்கு இடம் விட்டு நின்றது கூண்டே.

இக்கூண்டின் உறுப்புக்கள் பல. முன்னிருக்கைகளின் பின்னே, வண்டியின் குறுக்கே, கூரையை ஒட்டி நிற்பது முதன்மை வளைவு. அதனின்று முன்னோக்கிக் கண்ணாடித் தூண்களை அணைந்து இறங்குவன முன்கால்கள்; பின்னோக்கிச் சாய்வன பின்தாங்கிகள். நாற்கோணச் சட்டம் தள்ளினாற் சாயும், முக்கோணம் சாயாது. ஆதலின் மூலைவிட்டமாகவும் குழாய்கள் இடப்படுகின்றன. எஃப்.ஐ.ஏ. எனப்படும் அனைத்துலகக் கூட்டமைப்பின் விதிகளின்படி, முதன்மை வளைவுக்குரிய குழாய் 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அன்றேல் 50 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உடையதாதல் வேண்டும். கூண்டின் கால்கள் ஊன்றும் இடத்தே, 3 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமும் 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத பரப்பும் உள்ள தகடு வண்டியுடலோடு இணைக்கப்படல் வேண்டும். பற்றவைப்போ குழாயின் சுற்று முழுதும் ஓடி, உலோகத்தின் ஆழம்வரை உருகிச் சேர்தல் வேண்டும்.

வேலை நடக்கும் முறையைச் சிறிது கூறுவாம். முதலில் மின்கலம், இருக்கைகள், உள்விரிப்பு, எளிதிற் பற்றும் பொருள்கள் அனைத்தும் அகற்றப்படுகின்றன. தீப்பொறி பட்டாற் கண்ணாடியிற் புள்ளி விழும் ஆதலின் அதனை மூடிவைப்பர். கால் ஊன்றும் இடங்களிற் சாயமும் துத்தநாகப் பூச்சும் நீங்கும்வரை சுரண்டுவர். துத்தநாகத்தின் புகை பற்றவைப்போனுக்கு நோய் தரும். ஒரு குழாய் மற்றொன்றைச் சந்திக்கும் முனையை மீன்வாய் போல வளைவாக வெட்டி இடைவெளியின்றி அமர்த்துவர். பின்னர், ஆங்காங்குப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து அளவு சரிபார்ப்பர். முழுப் பற்றவைப்பையும் ஓரிடத்தே தொடர்ந்து செய்யாது மாறி மாறிச் செய்வர்; வெப்பத்தாற் கூண்டு கோணிவிடாமைப் பொருட்டு.

நிற்க. இனிச் சிக்கல் எழும் இடத்தைக் காண்பாம். கூண்டு எவ்வளவுக்குக் கூரையை நெருங்கி நிற்கின்றதோ அவ்வளவுக்கு உள்ளிருப்போரின் தலைக்கு இடம் மிகும். ஆனால் அந்நெருக்கத்தால், இணைப்புக்களின் மேற்புறத்திற்குப் பற்றவைக்கும் கருவி எட்டாது, கண்ணும் எட்டாது. நல்ல தொழிலாளி யாது செய்வான்? கால்களின் கீழே தரையில் துளை வெட்டி, கூண்டைச் சாணளவு இறக்கி, மேற்புறத்தை முழுதும் பற்றவைத்து, மீண்டும் உயர்த்தித் துளைகளைத் தகட்டால் மூடுவான். கூரையையே வெட்டியெடுத்துப் பின் இணைப்பாரும் உளர். இவ்வுழைப்பை வேண்டாதானோ கீழ்ப்புறத்தை மட்டும் அழகுறப் பற்றவைத்துச் சாயம் பூசிவிடுகிறான். வெளிப்பார்வைக்கு இரு கூண்டுகளும் ஒன்றே.

பாதியாவது உண்டே, ஒன்றுமில்லாமைக்கு அது மேலன்றோ எனச் சிலர் வினவலாம். மேலன்று என்பதே எம் விடை. பற்றவைப்பு நின்றுபோன முனை, துணியின் ஓரத்தில் இட்ட சிறு கிழிசல் போன்றது. இழுவிசை முழுதும் அங்கே குவியும். இணைப்பு விட்ட குழாய் காப்பாகாது, ஈட்டியாகும். அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. கூண்டில்லாதவன் தன் நிலை அறிந்து அஞ்சி ஓட்டுவான். பொய்க்கூண்டு உடையவனோ அதனை நம்பி விரைவான். அந்நம்பிக்கைக்குக் கூலி வாங்கியவன் அதனை ஏமாற்றுதல் எங்ஙனம் பொறுக்கத்தகும்?

செலவு மிகும் என்பார்க்கும் ஒன்று கூறுவாம். அச்செலவு இயலாதாயின் பந்தயத்தைச் சின்னாள் தள்ளிவைத்தல் அமையும். அழகின் பொருட்டு அன்றாட வண்டியிற் கூண்டு அமைப்போர்க்கோ எம் அறிவுரை இன்னும் வெளிப்படையானது: அதனை விட்டொழிக. தலைக்கவசம் இன்றிச் செல்வோனது தலை, சிறு மோதலிலும் அருகிலுள்ள எஃகுக் குழாயிற் சென்று தாக்கும். பந்தய வண்டியிலும் தலைக்கவசம் படக்கூடிய இடத்திற் காப்புறை இடுக என்று விதி கூறுவது இதனாலேயே.

இஃது அயல்நாட்டாரை மட்டும் பற்றிய செய்தியன்று. சோழவரத்துப் பழைய விமானத் தளத்திற் பந்தயம் நடந்த காலந்தொட்டு, இருங்காட்டுக்கோட்டைத் தடத்திற் பந்தயம் நடக்கும் இந்நாள்வரை, சென்னை இக்கலையின் நிலைக்களங்களுள் ஒன்றாக விளங்குகின்றது. ஆதலின் வண்டி உடையார் செய்யத்தக்கது யாதெனின், சாயம் பூசுமுன் கூண்டை இறக்கிய நிலையில் மேற்புறத்தைத் தாமே கண்டு நிழற்படமும் எடுத்து வைத்தலாம். அங்ஙனம் காட்டத் தயங்குபவனிடம் வண்டியை விடற்க. மனமுவந்து காட்டுபவனிடம் கூலியிற் பேரம் பேசற்க.

பாறையின்மேலும் மணலின்மேலும் வீடு கட்டிய இருவரைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை யாவரும் அறிவர். பெருவெள்ளம் வருமளவும் அவ்விரண்டு வீடுகளும் நின்றன. கட்டினவன் அறிந்து செய்ததை அதில் குடியிருப்போன் அறிய வழியில்லை. அறியுங் காலத்தே திருத்த நேரமில்லை. ஆதலின், கூரைக்கும் குழாய்க்கும் இடையே ஒருவரும் காணாத அவ்விரலளவு இடத்தையும் முற்றப் பற்றவைக்கும் தொழிலாளியை, பட்டம் பெற்ற அறிஞரோடு ஒப்ப வைத்துப் போற்றுதல் நம் கடன் என்பது எம் துணிபு.