நண்பனுக்குப் பட்ட கடன்

நட்பைப் போற்றாத இலக்கியம் இல்லை. ஆயினும் நட்பில் தவறியவனின் நெஞ்சினுள் புகுந்து காட்டும் படைப்புகள் சிலவே. ஆடை நழுவுங்கால் கை தானே விரைந்து காப்பதை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். அவ்வாறு விரையாது நின்றுவிட்ட ஒரு கையின் கதையே, காபூலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய காலித் ஹுசைனி 2003இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி கைட் ரன்னர்' என்னும் நாவல்.

1975ஆம் ஆண்டுக் குளிர்காலம். காபூலில் பட்டப் போட்டி. அமீர் செல்வர் வீட்டுப் பிள்ளை, பஷ்தூன் இனத்தவன். ஹசன் அவ்வீட்டுப் பணியாளர் அலியின் மகனாக வளர்பவன், ஹஸாரா இனத்தவன். அறுந்து வீழ்ந்த பட்டத்தை அமீருக்காக ஓடி எடுத்த ஹசன், ஒரு சந்தில் கொடியோரிடம் சிக்கி மானபங்கப்படுத்தப்படுகிறான். மறைந்து நின்று கண்ட அமீர், வாய் திறவாது ஓடிவிடுகிறான்.

பன்னிரண்டு வயதுச் சிறுவனின் அச்சத்தை நாம் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க இயலாதது அடுத்து நிகழ்வது. தனக்குப் பரிசாக வந்த கைக்கடிகாரத்தையும் பணத்தையும் ஹசனின் படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்து, அவன்மீது திருட்டுப் பழி சுமத்துகிறான் அமீர். செய்யாத குற்றத்தை ஹசன் ஒப்புக்கொள்கிறான். அமீரின் தந்தை மன்னித்தும், அலியும் ஹசனும் வீட்டைவிட்டு வெளியேறுகின்றனர். முதல் தவறு அச்சத்தால் விளைந்தது. இரண்டாவதோ குற்ற உணர்வால் விளைந்தது. தன்னால் துன்புற்றவனின் முகத்தை நாள்தோறும் காணப் பொறாதவன், அம்முகத்தையே அகற்ற முனைகின்றான். குற்ற உணர்வு மனிதனைத் திருத்தும் என்பர். உண்மையை ஒப்புக்கொள்ளும் துணிவு சேராதவிடத்து அது மேலும் ஒரு துரோகத்தையே ஈனும் என்பது நம் கருத்து.

ஹசன் அமீரின் தந்தைக்கே பிறந்தவன் என்னும் செய்தி நாவலின் பிற்பகுதியில் வெளிப்படுகிறது. இத்திருப்பம் கதைக்குச் சுவை கூட்டலாம். அறத்திற்கு அது தேவையில்லை. இருவரும் ஒரே செவிலியிடம் பாலருந்தியவர்கள். பால்குடி உறவின் மதிப்பை நாம் அறிவோம். ஒருங்கே ஆடிக் களித்த நட்பும் உண்டு. ஆயினும் பிற சிறுவர் வந்தபோதெல்லாம் அமீர் ஹசனை விலக்கியே வைத்தான். இரத்த உறவு என்று தெரிந்த பின்னரே கடன் பெருகுமாயின், பணியாளரின் மகனுக்கு நாம் படும் கடன் சிறியது என்றாகிவிடாதா?

மனிதருக்கு இழைத்த தீங்கிற்கு அம்மனிதரிடமே மன்னிப்பு வேண்டுதல் கடமை. அமீருக்கு அவ்வாய்ப்பும் இல்லை. ஹசனைத் தாலிபான்கள் சுட்டுக் கொன்றுவிட்டனர். எனவே அமீர் 2001இல் காபூல் சென்று, ஹசனின் மகன் சொஹ்ராபை மீட்கின்றான். ஆங்கும், அநாதை இல்லத்திற்கு அனுப்பேன் என்று அளித்த வாக்கில் தளர்கிறான். அச்சிறுவன் உயிரையே மாய்த்துக்கொள்ள முயல்கிறான். ஈற்றில் அமெரிக்கப் பூங்கா ஒன்றில் பட்டம் விடுகையில், சிறுவனின் இதழில் தோன்றி மறையும் சிறு முறுவலே அமீர் பெறும் பேறு. கடன் தீர்ந்தது என்று ஆசிரியர் கூறாமை இந்நாவலின் சிறப்பு.

மாணவச் செல்வங்களே! பிரிந்துபோன பள்ளித் தோழன் ஒருவனிடம் கூற வேண்டிய சொல் உங்கள் நெஞ்சில் தங்கியிருக்குமாயின், அவன் கேட்கும் நிலையில் இருக்கும்போதே கூறிவிடுங்கள்.