சுருட்டுச் சாலையில் நாவல்

"பாமரனுக்குக் கனமான விஷயம் ஏறாது, லேசாக ஒரு கதை கொடுங்கள்" என்று எனக்கு உபதேசம் செய்யாத பத்திரிகாசிரியர் இல்லை. அவர்களுக்கு அமெரிக்காவில் டாம்பா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளின் கதையைச் சொல்ல ஆசை.

1865-ல் கியூபாவின் ஹவானாவில் தொடங்கி அங்கே வந்த வழக்கம் அது. உயர்ந்த மேடையில் ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். தொழிலாளர்கள் புகையிலையைச் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்குச் சம்பளம் முதலாளி கொடுத்ததல்ல. அவர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தது. எந்த நாவல் என்பதையும் ஓட்டெடுத்து அவர்களே தீர்மானித்தார்கள். செர்வாண்டிஸ், ஹ்யூகோ, ஜோலா என்று வரிசை. அதே மேடையில் ரஷ்யாவின் குரோபட்கினும் ஏறினார். அரசாங்கமே வேண்டாம், மனிதர் தாமாகவே கூடி வாழலாம் என்ற அவர் வாதத்தை எழுத்தறியாதவனும் காதால் படித்தான்.

"அராஜகம்தானே!" என்று முகம் சுளிக்கிறீர்கள். கலவரத்துக்கும் ஒரு கொள்கைக்கும் ஒரே பெயர் வைத்தது நம் அகராதியின் குற்றம். எனக்கும் அந்தக் கொள்கை சம்மதமில்லை. காவலில்லாத ஊரில் பலவானுக்குத்தானே கொண்டாட்டம்? ஆனால் நான் கேட்டபின் மறுக்கிறேன், கேளாமல் அல்ல.

1931-ல் முதலாளிகள் மேடையை அகற்றினார்கள். தீவிரக் கருத்துக்கள் பரவுகின்றன என்பது காரணம். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பலனில்லை. படிப்பவர் இருந்த இடத்துக்கு ரேடியோ வந்தது.

பாமரனுக்கு விஷயம் ஏறும் என்பது அந்த முதலாளிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நம் பத்திரிகாசிரியர்களுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.