அளவெடுத்துச் செய்த மிதிவண்டி

சீருடை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் தோள், இடுப்பு, உயரம் என்று நாடா பிடித்து அளவெடுக்கிறார். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள மிதிவண்டியை மட்டும் நிறம் பார்த்து வாங்கி வருகிறோம். "வளர்கிற பிள்ளைதானே, பெரிதாகவே இருக்கட்டும்" என்பது பெற்றோர் சொல்லும் நியாயம். பாவாடையை மடித்துத் தைக்கலாம். மிதிவண்டியின் சட்டத்தை மடித்துத் தைக்க முடியுமா? சிவப்பு விளக்கில் நிற்கும்போது கால் தரைக்கு எட்டாத மாணவி பேருந்துப் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்?

நகரத்தில் ஓட்டுவதற்கென்று சொல்லிச் செய்த மிதிவண்டி வேண்டும் என்பது என் கருத்து. இது செல்வர் வீட்டு ஆசையன்று. நம் ஊர்க் கடைகளுக்கு மிதிவண்டிகள் பெரும்பாலும் பாகம் பாகமாகவே வந்து சேர்கின்றன. கடைக்காரர்தாம் பூட்டித் தருகிறார். பூட்டும்போதே நமக்கு வேண்டியதைக் கேட்டால் என்ன?

முதலில் கேட்க வேண்டியது பற்சக்கரத்தைப் பற்றி. பழைய கறுப்பு வண்டிகளில் பொதுவாக மிதிப் பக்கம் 44 பல், பின்னால் 18 பல். 28 அங்குலச் சக்கரமானால் மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.5 மீட்டர் ஓடும். சமதரையில் சுகம்தான். புத்தகப் பையோடு மேம்பாலம் ஏறும்போதோ முழங்கால் கெஞ்சும்! பின்னால் 22 பல் ஃப்ரீவீல் போட்டு, சங்கிலியில் ஓரிரு கண்ணி கூட்டினால் சுற்றுக்கு 4.5 மீட்டர்தான். வேகம் சற்றுக் குறையும்; ஏற்றம் எளிதாகும்.

அடுத்தது பிரேக். ஐப்பசி, கார்த்திகை மழையில் முலாம் பூசிய எஃகு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். அலுமினிய ரிம்மும் அதற்கேற்ற பிரேக்கும் அதைவிட நன்றாகப் பிடிக்கும். குஞ்சத்துக்கும் பளபளக்கும் ஸ்டிக்கருக்கும் தரும் பணத்தை இங்கே தரலாம்.

பாவாடைக்கும் துப்பட்டாவுக்கும் முழுச் சங்கிலி மூடியும் பின்சக்கர வலையும் அவசியம். ஆனால் பெண் என்றாலே தாழ்ந்த சட்டந்தான் என்று கடைக்காரர் தீர்மானிப்பதை நான் ஒப்பவில்லை. புதுக்கோட்டை நம்மைப்போல் பெருநகரமன்று. ஆனாலும் அங்கிருந்து ஒன்று கற்கலாம். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி பழகினர். அவர்களுள் சிலர் ஆண்கள் வண்டியையே விரும்பினர். காரணம், குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே! வண்டியின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டியது அதில் ஏறுபவரின் அன்றாட வேலை.

ஆகவே பெற்றோரே, கடைக்குச் செல்லும்போது மகளையும் அவளுடைய புத்தகப் பையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பையைப் பின் காரியரில் வைத்துப் பாருங்கள். முன்கூடையில் அத்தனை பாரம் ஏற்றினால் திருப்பும்போது வண்டி இழுக்கும். இருக்கையில் அமர்ந்து குதிகாலைத் தாழ்ந்த மிதியில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். இருக்கையை விட்டு முன்னால் இறங்கி நின்றால் இரு பாதமும் தரையில் பதிய வேண்டும். பிரேக் பிடி விரலுக்கு எட்ட வேண்டும். எட்டவில்லையானால் வேறு சட்டம் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.