ஓட்டைப் பெட்டிக்கே என் ஓட்டு!

ப்ராசஸர் முடிவு பண்ணியாச்சு. மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி... எல்லாத்துக்கும் நாலு சீனியர்கிட்ட விசாரிச்சு, நோட்டுல எழுதி, கூட்டிக் கழிச்சுப் பார்த்தாச்சு. மிச்சம் இருக்கிறது நாலாயிரமோ, ஐயாயிரமோ. 'கேபினெட்தானே... வெறும் பெட்டி! பளபளன்னு லைட் எரியற மாதிரி ஒண்ணைத் தூக்கிட்டு வந்துடலாம்'னு கிளம்பறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்க அப்படிக் கிளம்பக் கூடாது. காரணம், வெயில். 2003 மே 31 அன்னிக்கு சென்னையில் 45 டிகிரி அடிச்சது. கடலோரத்துக்காரங்களுக்கு மத்தியானமே வர்ற கடற்காற்று, நம்ம பக்கம் எட்டிப் பார்க்க இன்னும் நேரமாகும். ஏ.சி. இல்லாத மாடி ரூம்ல மே மாசம் 38 டிகிரின்னா, கேபினெட்டுக்குள்ள போற காத்தும் 38 டிகிரிதான். எத்தனை ஃபேன் மாட்டினாலும் அதுக்குக் கீழே இறங்காது. பல இன்டெல் ப்ராசஸர்களுக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். நீங்க காசு கொடுத்து வாங்கின வேகம், ப்ராஜெக்ட் சப்மிஷன் அன்னிக்குப் பார்த்து லீவு போட்டுடும்!

அதனால மிட் டவர் வாங்கும்போது முதல் கேள்வி... முகத்துல ஓட்டை இருக்கா?

கடையில் ரெண்டு வகை நிக்கும். ஒண்ணு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே கலர் கலரா ஃபேன் சுத்தும். பார்க்க அழகு. ஆனா, காத்து ஓரத்துல இருக்கிற சின்ன இடுக்கு வழியாத்தான் நுழையணும். மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடற மாதிரி! இன்னொண்ணு, முன்பக்கம் சல்லடை மாதிரி மெஷ். காத்து நேரா உள்ளே வரும். இது என் சொந்தக் கருத்து இல்லை. 2020-ல் கோர்சேர் கம்பெனி 4000டி கேபினெட்டை ரெண்டு முகத்தோட விட்டது. மூடின முகம் ஒண்ணு, ஓட்டை போட்டது ஒண்ணு. ஓட்டை போட்டதுக்குப் பேரே 'ஏர்ஃப்ளோ'! மூடின முகத்தோட எச்510-ஐ 2019-ல் வித்த என்.இசட்.எக்ஸ்.டி., 2021-ல் ஓட்டை போட்ட 'எச்510 ஃப்ளோ'வைக் கொண்டுவந்தது. பெரிய கம்பெனிகளே வழிக்கு வந்தாச்சு, நாம வர மாட்டோமா?

'மெஷ் வழியா தூசியும் வருமே?'ன்னு கேட்பீங்க. கரெக்ட்! ட்ரங்க் ரோடு ஓரம் வீடு இருக்கிறவங்களுக்குத் தூசியைப் பத்தி நான் பாடம் எடுக்க வேணாம். கழட்டிக் கழுவற ஃபில்டர் இருக்கான்னு பாருங்க. காத்தை உள்ளே இழுக்கிற ஃபேன், வெளியே தள்ளறதைவிட அதிகமா இருக்கட்டும். அப்பதான் ஃபில்டர் இல்லாத இண்டு இடுக்கு வழியா தூசி நுழையாது.

அடுத்தது, அளவு. ஏ.டி.எக்ஸ். போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244-க்கு 244. மிட் டவர்ல ரெண்டும் உட்காரும். சிக்கல் கூலர்லதான். உதாரணத்துக்கு, டீப்கூல் சி.சி.560-ஐ எடுத்துக்குங்க. கூடவே நாலு 120 மி.மீ. ஃபேன் வருது. 370 மி.மீ. வரைக்கும் கிராஃபிக்ஸ் கார்டு தாங்கும். ஆனா, கூலர் உயரம் 163 மில்லிமீட்டருக்குள் இருக்கணும். 155 மி.மீ. இருக்கிற ஏ.கே.400 ஜம்முனு உட்காரும். 165 மி.மீ. இருக்கிற நாக்டுவா டி15 வாங்கினீங்கன்னா சைடு கதவு மூடாது! நம்ம சென்னையிலேயே 1997-ல் ஆரம்பிச்ச ஜெப்ரானிக்ஸ்லயும் கேபினெட் இருக்கு. எந்த கம்பெனியா இருந்தாலும் பேரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இந்த மில்லிமீட்டர்களைப் பாருங்க.

மூணாவது, தகடு. இதுக்கு வேற ஊர் ஆசாமி தேவையில்லை. 1964-ல் உருவான அம்பத்தூர் எஸ்டேட்ல தகடு வளைக்கிற அண்ணன் யாரைக் கேட்டாலும் சொல்வார்... ஓரத்தைப் பார்! நல்ல பெட்டியில் ஓரம் மடிச்சு விட்டிருக்கும். மட்டமானதுல வெட்டின மாதிரியே இருக்கும். மதர்போர்டு மாட்டும்போது கையைக் கிழிக்கும். சைடு பேனலை விரலால அழுத்திப் பாருங்க. அப்பளம் மாதிரி அமுங்குச்சுன்னா, ஃபேன் சுத்தும்போது தகடும் கூடவே பாட்டுப் பாடும்.

இப்ப முக்கியமான விஷயம். 'எஸ்.எம்.பி.எஸ். ஃப்ரீ'ன்னு ஒரு பெட்டி காட்டுவாங்க. கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. ஸ்டிக்கர்ல 450 வாட்ஸ்னு எழுத மைதான் செலவு. வோல்டேஜ் எகிறினா அது தனியாப் போகாது. போர்டையும் கூட்டிக்கிட்டுப் போகும். கேபினெட்ல ஆயிரம் ரூபாய் குறைச்சாவது, எஸ்.எம்.பி.எஸ்-ஐ நல்ல கம்பெனியாத் தனியா வாங்குங்க.

பெட்டியைத் தொட்டா சுர்ருங்குதா? பெட்டி மேல பழி போடாதீங்க. உங்க ரூம்ல எர்த் இல்லைன்னு அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ்-ல இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் பாடியோட இணைஞ்சிருக்கும். எர்த் இல்லேன்னா 230 வோல்ட்ல பாதி, சுமார் 115 வோல்ட், தகட்டு மேல வந்து நிக்கும். கரன்ட் ரொம்பக் கம்மிங்கிறதால சுர்ருன்னு மட்டும் இருக்கும். ஆனா, உள்ளே ஏதாவது ஒயர் பழுதாகி பாடியில் பட்டா, கரன்ட் போறதுக்கு உங்க உடம்புதான் வழி! வாடகை வீடா இருந்தாலும் ஹவுஸ் ஓனர்கிட்ட சண்டை போட்டாவது எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மூணு பின் ப்ளக்கோட காலை உடைச்சு ரெண்டு பின்னாக்கறவங்களுக்கு... தயவுசெஞ்சு வேணாம் மக்கா!

ரிச்சி ஸ்ட்ரீட் போறவங்களுக்குக் கடைசி டிப்ஸ். லோக்கல் ட்ரெயின்ல சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டாப், கவர்ன்மென்ட் எஸ்டேட். நாலு கடையில் விலை கேட்காம பர்ஸைத் திறக்காதீங்க. சைடு கண்ணாடி முழுசா இருக்கா, மதர்போர்டு மாட்டற பித்தளை ஸ்பேசரும் ஸ்க்ரூவும் பாக்கெட்ல இருக்கான்னு கடையிலேயே பிரிச்சுப் பார்த்துட்டு பில் வாங்குங்க. வீட்டுல யாரோ ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசு. பத்து நிமிஷம் கூட நின்னா தப்பில்லை.

ஒண்ணே ஒண்ணு... எல்லாத்தையும் மதியமே முடிச்சிடுங்க. சாயங்காலம் ஆறு மணி ஆவடி லோக்கல்ல அந்தப் பெட்டியோட ஏறினா, கேபினெட்டுக்குக் காத்து கிடைக்குதோ இல்லையோ... உங்களுக்குக் கிடைக்காது!