கிணறு வேறு, எண்ணெய் மில் வேறு



நோன்பு நெருங்கினால் எங்கள் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குள் ஆபிரிக்கா வந்துவிடும். பெரும்பாலும் கிணறு கட்ட உதவி கேட்டு வரும். இம்முறை ஒரு சகோதரர் அனுப்பிய செய்தி வேறு மாதிரி: மேற்கு ஆபிரிக்கக் கிராமமொன்றில் சிறு விவசாயிகளுக்கு ஒரு பாம் ஒயில் மில் கட்டிக் கொடுக்க வேண்டுமாம்.

உடனே இரண்டு கட்சி. "நம்ம நாட்டிலேயே வேணாம் என்ற மரம், அதுக்கு நாம ஏன் சல்லி கொடுக்கணும்?" என்றார் ஒருவர். "கிணறு மாதிரித்தானே சேர், ஸதகா ஜாரியா. யோசிக்காமக் கொடுங்க" என்றார் இன்னொருவர். இரண்டுமே அவசரப் பேச்சு என்று எங்களில் சிலருக்குப் பட்டது. வாசித்துப் பார்த்தோம், பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் மரத்தைப் பற்றி. 2021 ஏப்ரலில் நமது அரசாங்கம் பாம் ஒயில் இறக்குமதிக்கும், புதிதாக முள்ளுத்தேங்காய் நடுவதற்கும் தடை அறிவித்தது. ஆகவே நம்மில் பலருக்கு அந்த மரம் என்றாலே காடழிப்பு, வற்றிய நீரூற்று என்றுதான் ஞாபகம் வரும். ஆனால் அந்த மரத்தின் தாய்வீடே மேற்கு ஆபிரிக்காதான். அங்கே அது மரவள்ளிக்கும் சேனைக்கும் நடுவே நிற்கிற வீட்டு மரம். அதன் சிவப்பு எண்ணெய் இல்லாமல் அங்கே கறி இல்லை. நமக்குத் தேங்காய் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. 1960களின் நடுப்பகுதி வரை உலகிலேயே பாம் ஒயில் உற்பத்தியில் முன்னணியில் நின்ற நாடு நைஜீரியா. இன்று அந்த இடத்தில் இந்தோனேசியாவும் மலேசியாவும்.

சரி, மரம் இருக்கிறதே, மில் எதற்கு?

நெல்லை எடுத்துக்கொள்வோம். வெட்டிக் காயவைத்து மூடை கட்டினால், விலை வரும்வரை வீட்டில் வைத்திருக்கலாம். பாம் பழம் அப்படியல்ல. குலையை வெட்டி, பழம் அடிபட்டதும் அதிலுள்ள நொதியங்கள் எண்ணெயை உடைத்து அமிலமாக்கத் தொடங்கிவிடும். ஒன்றிரண்டு நாட்களுக்குள் அவித்து அந்த நொதியங்களைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். கொழுப்பமிலம் 5 சதவீதத்தைத் தாண்டினால் சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள் அந்த எண்ணெயை விரும்ப மாட்டார்கள். அதனால் மில் தூரமாக இருக்கும் விவசாயிக்குப் பேரம் பேச நேரமே இல்லை. மழையில் பாதை உடைந்தால் பழம் அழுகும். லொறிக்காரர் சொல்வதுதான் விலை.

மில் இல்லாத இடத்தில் அந்த வேலை முழுவதும் பெண்களின் தோளில். பழத்தை உதிர்க்க வேண்டும், பீப்பாயில் அவிக்க வேண்டும், உரலில் இடிக்க வேண்டும், பிழிய வேண்டும், திரும்பவும் தண்ணீரில் கொதிக்கவைத்து மேலே மிதக்கும் எண்ணெயை அள்ள வேண்டும். விறகும் தண்ணீரும் சுமப்பது தனி. இவ்வளவு பாடுபட்டும், பழத்திலுள்ள எண்ணெயில் பாதியை விடச் சற்றுக் கூடுதலாகத்தான் கைக்கு வரும். மீதி சக்கையோடு போய்விடும். நல்ல யந்திரம் இருந்தால் அதே பழத்திலிருந்து ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் எடுக்கலாம். ஒரு மரம்கூடப் புதிதாக நடாமல், ஒரு ஏக்கர் காடுகூட வெட்டாமல் கிடைக்கும் வருமானம் அது. ஆகவே மில் கட்டுவது நல்ல காரியம் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

ஆனால் கிணறு மாதிரித்தானே என்பதில்தான் எங்களுக்கு உடன்பாடில்லை. கிணற்றுத் தண்ணீருக்கு விலை இல்லை. மில்லுக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார், ஒரு தராசு இருக்கும், ஒரு விலை இருக்கும். அந்த மூன்றும் யார் கையில் என்பதைப் பொறுத்துத்தான் அது உதவியா உபத்திரவமா என்று தெரியும்.

நாம் சின்ன வயதிலிருந்து துணி துவைத்த சன்லைட் சவர்க்காரத்தின் கம்பனி, லீவர் பிரதர்ஸ், 1911இல் பெல்ஜிய அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கொங்கோவுக்குள் போனது. மில் கட்டினார்கள், பாதை போட்டார்கள். முதலாளியின் பெயரிலேயே லீவர்வில் என்று ஓர் ஊரும் உண்டானது. அதன் இன்றைய பெயர் லுசாங்கா. ஆனால் பழம் வெட்டியவர்கள் விரும்பி வெட்டவில்லை. வரியாலும் கட்டாயத்தாலும் மரமேற வைத்தார்கள். 1931இல் பெண்டே மக்கள் எழுந்து நின்றபோது படையை விட்டு அடக்கினார்கள்.

அது காலனி ஆட்சியின் கொடுமை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் நல்ல நோக்கத்தோடு கட்டியதும் சறுக்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு நைஜீரியாவில் 'பயனியர்' மில்கள் வந்தன. யந்திரத்தில் குறையில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. அங்கே பல ஊர்களில் எண்ணெய் கணவனுக்கு, கொட்டைக்குள் இருக்கும் பருப்பு மனைவிக்கு என்பது வழக்கம். அந்தப் பருப்பை உடைத்து விற்ற காசுதான் அவளுக்கென்று இருந்த காசு. பழத்தை முழுதாக மில்லுக்கு விற்றதும் பருப்பும் மில்லுக்கே போனது. காசு கணவன் கைக்குப் போனது. பெண்கள் தெருவில் இறங்கினார்கள். போதாக்குறைக்கு, பல மில்களுக்குத் தேவையான பழமும் வந்து சேரவில்லை. கடைசியில் கிராமங்களில் நிலைத்தவை விலை குறைந்த கைப்பிழி யந்திரங்கள்தான்.

நம் நாட்டுத் தேயிலையிலும் இதே பிரச்சினை உண்டு. கொழுந்தும் அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போக வேண்டிய பொருள். அதனால்தான் விற்பனை விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு என்று ஒரு கணக்கு இங்கே ஏற்பட்டது. அதிலும் குறை சொல்பவர்கள் உண்டு. ஆனாலும் பங்கு இன்னதென்று எழுத்தில் இருக்கிறது.

ஆகவே அந்தச் சகோதரர் மூலமாக நான்கு கேள்விகள் அனுப்பியிருக்கிறோம்.

ஒன்று: மில் யாருடைய பெயரில்? விவசாயிகள் சங்கமா, தனி ஆளா?

இரண்டு: தராசை யார் பார்ப்பார்? விலை எப்படித் தீர்மானமாகும்?

மூன்று: பருப்பு யாருக்கு? இதுவரை எண்ணெய் பிழிந்து சம்பாதித்த பெண்களுக்கு மில்லில் என்ன பங்கு?

நான்கு: சுற்றியுள்ள மரங்களின் பழம் இந்த மில்லுக்குப் போதுமா? அளவுக்கு மீறிப் பெரிதாகக் கட்டினால், அதன் பசிக்குக் காடுதான் இரையாகும். யந்திரம் பழுதானால் திருத்த அந்த ஊரில் ஆள் இருக்கிறாரா?

"கொடுக்கிற கை கேள்வி கேட்கலாமா?" என்று ஒருவர் கேட்டார். கேட்கத்தான் வேண்டும் என்பது எங்கள் எண்ணம். கேட்காமல் கொடுத்தால் நம் மனம் ஆறும், அவ்வளவுதான். அங்கே ஒரு தாயின் கையிலிருந்த கடைசிக் காசை நாம் கட்டிக் கொடுத்த மில்லே பறித்துவிட்டால், அதற்கு நாமும் பதில் சொல்ல வேண்டும்.

நல்ல பதில் வந்தால் எங்கள் பங்கு தயார், இன்ஷா அல்லாஹ். உங்களுக்கும் இப்படி ஒரு செய்தி வந்தால், கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். இந்த நான்கையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.