வஞ்சிரமும் மத்தியும்

சென்னைக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே வாணிகம் தொடங்கிவிடுகிறது. விளக்கொளியில் பளபளக்கும் வஞ்சிரத்தைச் சுற்றி ஏலம் கேட்போர் நெருங்கி நிற்பர். சற்றுத் தள்ளிக் கூடைகளிற் குவிந்து கிடக்கும் மத்தியையும் நெத்திலியையும் அவர்களுட் பலர் திரும்பியும் பார்ப்பதில்லை. விருந்தினர் வரும் நாளில் மத்திக் குழம்பு வைப்பதை இழிவெனக் கருதும் இல்லங்கள் இன்றும் பல உள. மீனின் விலையைக் கொண்டு உண்பவரின் மதிப்பை அளக்கும் இவ்வழக்கம் பொருத்தமுடையதுதானா என்பது ஆராயத்தக்கது.

வஞ்சிரத்தின் சிறப்பை மறைத்தல் நேர்மையாகாது. குமரி மாவட்டத்தார் அதனை நெய்மீன் என்பர். அதன் தசை கெட்டியானது. நடுமுள்ளை நீக்கிவிட்டால் இடரின்றி உண்ணலாம். துண்டுகளாக அரிந்து, மிளகாய்த்தூள் தடவி வறுப்பதற்கு அதற்கு இணையான மீன் அரிது. கண்பார்வை குன்றிய முதியோர்க்கு அது பெரிதும் ஏற்றது. வவ்வாலும் ஏறக்குறைய அத்தகையதே. வசதியுடையோர் இவற்றை விரும்பி உண்பதிற் குற்றமில்லை. விலை மிகுந்த மீன் உடலுக்கும் மிகுந்த நலம் தரும் என்று எண்ணுவதே பிழை.

வஞ்சிரமாயினும் மத்தியாயினும் 100 கிராம் தசையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. கொழுப்பை நோக்கினால் மத்தியே முந்தி நிற்கிறது. இதயத்திற்கும் மூளை வளர்ச்சிக்கும் துணைசெய்யும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் அதில் நிறைந்துள்ளன. 'டி' உயிர்ச்சத்தும் உண்டு. நெத்திலியை முள்ளோடு மென்று உண்பவர் பெறும் சுண்ணாம்புச் சத்து, முள்ளை ஒதுக்கிவிட்டு வஞ்சிரம் உண்பவர்க்குக் கிட்டுவதில்லை. மேலும், வஞ்சிரம் பெருமை பெறுவதே அது நாள்தோறும் விழுங்கும் மத்தியாலும் நெத்திலியாலும் அன்றோ! ஆனால் அவ்விரையிலுள்ள சிறிதளவு பாதரசமும் அதனுடலில் ஆண்டுக்கணக்கிற் சேர்ந்து தங்குகிறது. ஆதலின், கருவுற்ற மகளிரும் சிறு குழந்தைகளும் பெரிய இரைகொல்லி மீன்களை அளவறிந்து உண்ண வேண்டுமென மருத்துவர் அறிவுறுத்துகின்றனர்.

மத்தியிடம் ஒரு குறை உண்டு. கொழுப்பு மிகுந்த மீனாதலால் அது விரைவில் கெடும். கானாங்கெளுத்தியைப் பனிக்கட்டியின்றி நெடுநேரம் வைத்திருந்தால், அதில் உண்டாகும் நச்சுப்பொருள் கொதிக்க வைத்தாலும் நீங்குவதில்லை. கண் தெளிவாகவும் செவுள் சிவந்தும் இருத்தல் வேண்டும். விரலால் அமுக்கிய தசை உடனே மீளுதல் வேண்டும். இவற்றைப் பாராது பழைய மத்தியை வாங்கியவர், மத்தி என்றாலே நாற்றம் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். புதிய மத்தியைப் புளி கரைத்து மண்சட்டியிற் காய்ச்சினால், மீனின் நெய்யே குழம்பில் இறங்கிச் சுவை கூட்டும். மறுநாட் காலையில் அச்சுவை பின்னும் மிகும்.

மனிதர் வெறுத்த மத்தி வீணாய்ப் போவதில்லை; மீன்மாவு ஆலைகளுக்குச் சென்று கோழிக்கும் இறாலுக்கும் தீவனமாகிறது. முன்னாளில் மலையாளக் கரையில் தென்னைக்கு எருவாகவும் இட்டனர். ஊட்டம் குன்றிய சிறுவர் வாழும் நாட்டில் இஃது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

மலிவானது என்றும் மலிவாகவே கிடைக்கும் என்பதும் உறுதியன்று. 2012-ஆம் ஆண்டிற் கேரளக் கரையில் 3.9 லட்சம் டன் அளவிற் கிடைத்த மத்தி, 2021-இல் ஏறத்தாழ 3,300 டன்னாகச் சுருங்கியது. அன்றாடம் மத்தி உண்டு வாழ்ந்த எளிய குடும்பத்தாரே அதனால் முதலில் வாடினர்.

கீழைக் கடலில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. அந்நாட்களில் வஞ்சிரத்தின் விலை வானளாவ உயரும். நாட்டுப்படகினர் கரையோரத்திற் பிடித்துவரும் சிறுமீன்களோ அப்போதும் கூடைகளில் வந்துகொண்டிருக்கும். ஏலத்திற் பெருமீனை விற்ற மீனவர் பலர் தம் மனைக்கு எடுத்துச் செல்வதும் அக்கூடை மீனையே.