மருந்து பழகிப்போனால் அடிமையா?

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குள் நுழைந்ததும் வெங்காயத் தோல், அழுகின தக்காளி, முட்டைக்கோஸ் கழிவு எல்லாம் கலந்த ஒரு நெடி மூக்கைத் துளைக்கும். கால் மணி நேரம் பேரம் பேசிவிட்டுப் பார்த்தால் நெடியே தெரியாது. அது எங்கும் போய்விடவில்லை, மூக்குதான் பழகிவிட்டது. அங்கே நாள் முழுக்க மூட்டை தூக்குபவரை "இந்த நெடிக்கு அடிமை" என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் மார்ஃபின் விஷயத்தில் அப்படித்தான் சொல்கிறோம்!

மார்ஃபின் போன்ற அபின் வகை மருந்துகள் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு வலியைக் குறைக்கின்றன. தொடர்ந்து எடுத்தால் ஏற்பிகள் மந்தமாகும், அதே அளவு முன்போல் கேட்காது. இதுதான் டாலரன்ஸ். திடீரென்று நிறுத்தினால் உடம்பு நடுங்கி, வியர்த்து, வயிறு கலங்குவது உடல்சார்பு. கெடுதல் என்று தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவதுதான் அடிமைத்தனம். மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டும் மருந்தைத் தொடர்ந்து எடுக்கும் யாருக்கும் வரலாம்.

இந்தக் குழப்பத்துக்கு விலை கொடுப்பது புற்றுநோயாளிகள். "இப்பவே குடுத்துட்டா கடைசியில எதுவும் கேக்காது" என்று வீட்டிலேயே மருந்தைத் தள்ளிப்போடுகிறார்கள். இது தவறான கணக்கு. மார்ஃபினுக்கு இதற்கு மேல் வேலை செய்யாது என்ற உச்ச அளவு கிடையாது, மருத்துவர் படிப்படியாகக் கூட்டலாம். அளவு கூடுவதற்கும் பல நேரம் நோய் வளர்வதுதான் காரணம். வலியைச் சேமித்து வைத்து யாருக்கு என்ன லாபம்?

சட்டமும் பயந்துதான் இருந்தது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது. ஆனாலும் 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு, பல உரிமங்களுக்கு அலைய வேண்டியிருந்ததால் மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டன. 2014 திருத்தம்தான் அதை எளிதாக்கியது. 1993-லேயே கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலி நிவாரண மையம் தொடங்கி, வாய்வழி மார்ஃபினை வீட்டிலேயே பாதுகாப்பாகக் கொடுக்க முடியும் என்று காட்டினார்கள்.

அதற்காக இது மிட்டாய் இல்லை. முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற சமாச்சாரமும் இல்லை. டாபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்களின் கதை தமிழ்நாட்டுச் செய்திகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

எடுத்துக்கொள்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். அளவைத் தானாகக் கூட்டக் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. வாந்தியும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாளில் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது, அதற்குத் தனி மருந்து வேண்டும். மதுவோ தூக்க மாத்திரையோ கூடவே கூடாது. மருந்து கேட்கவில்லை என்றால் அபின் வகையிலேயே வேறொன்றுக்கு மாற்றுவது மருத்துவரின் வேலை.

எல்லாவற்றிலும் முக்கியமானது: சில நாள் விட்டுவிட்டுப் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மார்க்கெட்டை விட்டு ஒரு வாரம் வெளியே இருந்தவருக்கு நெடி மறுபடி முகத்தில் அடிப்பது போலத்தான். அங்கே மூக்கைப் பொத்திக்கொண்டால் போதும், இங்கே உயிரே போகும்.

பயப்பட வேண்டியது மருந்துக்கா, நம் அறியாமைக்கா?